‘சுப்ஹுன்தீவொ’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தார் அனைவர்க்கும் வணக்கம். தமிழ்வழியில் ஸ்பானிஷ் கற்பிக்கும் தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். உரையாடல்கள் முடிந்துவிட்டன, பின்னிணைப்பிலுள்ள வினை அட்டவணையில் நான்கு நாளாகச் சிக்கிக் கிடக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்திற்குப் போயாக வேண்டும்.

ஸ்பானிஷில் ஒழுங்கான வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளில் ஒன்றைப் பெற்று வரும். நூலாசிரியர் ‘பேசுதல்’ எனப் பொருள்படும் ‘அப்லார்’ என்பதை மாதிரியாக எடுத்துக்கொண்டு, தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடத்தும் ஒருமை பன்மையாக ஆறு வடிவங்களை ஒவ்வொரு காலத்திற்கும் அடுக்கியிருக்கிறார். இறந்த காலம் தனிவினையிலேயே இரண்டு. இவற்றுக்கு மேல் ‘மோதொ’ என்றொரு பகுப்பு உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்று, ஏவுவது மற்றொன்று, விருப்பம், ஐயம், அச்சம், வேண்டுகோள் போன்றவற்றின் கீழ் வருவது மூன்றாவது. அம்மூன்றாவதுக்குத்தான் ‘சுப்ஹுன்தீவொ’ என்று பெயர். அதற்கும், இரு இறந்த காலங்களுக்கும், இந்த அட்டவணை முழுவதற்கும் தமிழ்ப் பெயர்கள் வேண்டும். கட்டம் குறுகியது, இடைவெளி நீங்கலாகப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

இதற்கு நான்கு நாள் எதற்கு, தம்பி? மூன்றாவது, நம் வியங்கோளே. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என அதன் பொருள்களை உயர்நிலைப் பள்ளி மாணவரும் ஒப்பிப்பர். மெக்சிகோவில் செப்டம்பர் 15ஆம் நாள் இரவு குடியரசுத் தலைவர் மாடத்தில் நின்று ‘வீவ மெஹிகொ’ என்று முழங்குகிறாரே, அந்த ‘வீவ’ எந்த வடிவம்? ‘வாழ்தல்’ என்னும் வினையின் சுப்ஹுன்தீவொ வடிவம். தமிழில் ‘மெக்சிகோ வாழ்க’ என்போம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வடிவங்களைப் பகுப்பதற்கும் நம் பகுபத உறுப்புகள் போதும். ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’ எனப் பொருள்படும் ‘அப்லாபமொஸ்’ என்பதில் ‘அப்ல்’ பகுதி, ‘ப’ கால இடைநிலை, ‘மொஸ்’ தன்மைப் பன்மை விகுதி. நடுவில் நிற்கும் ‘ஆ’ சாரியை. பகுதி, இடைநிலை, விகுதி என்ற வரிசைகூட மாறவில்லை. தன்மைப் பன்மையில் நமக்கும் மகரம், அவர்களுக்கும் மகரம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

புதுச்சேரியில் ஸ்பானிஷ் கற்பிக்கும் அம்மையார் எழுதியது:

ஐயாவின் மடலை மகிழ்ந்து படித்தேன். மகரத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்கு எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

‘வீவ’வுக்கு வியங்கோள் மிகப் பொருத்தம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வகுப்பில் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே நான் மாட்டிக்கொள்வேன். ‘அவன் பேசுவான் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்ற தொடரில் ‘பேசுவான்’ என்பதற்கு ஸ்பானிஷில் சுப்ஹுன்தீவொதான் வரும். ‘நீ அவளிடம் பேசும்போது இதைச் சொல்’ என்பதில் பேசுவது இனிமேல் நடக்கப்போவது என்பதால் அங்கும் அதுவே வரும். இவற்றில் வாழ்த்தும் இல்லை, வைதலும் இல்லை. ‘அவன் பேசுக என்று எனக்குத் தோன்றவில்லை’ என்று எந்த மாணவராவது எழுதிவிட்டால் யாரைக் குறை சொல்வது?

மேலும், சுப்ஹுன்தீவொ ஆறு இடத்திலும் வரும். ‘முன்னிலை தன்மை ஆயீர் இடத்தொடு மன்னாது ஆகும் வியங்கோட் கிளவி’ என்று தொல்காப்பியம் சொல்லவில்லையா?

ஒலிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ‘நான் பேசுகிறேன்’ என்பதற்கும் ‘அவன் பேசினான்’ என்பதற்கும் ஸ்பானிஷில் எழுத்துகள் ஒன்றே. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே வேறுபாடு. இரண்டையும் ‘ஆப்லோ’ என்று அச்சிட்டால் அட்டவணை பாழ். அழுத்தமுள்ள அசைக்கு நெடிலும் மற்றவற்றுக்குக் குறிலும் கொடுத்து, முன்னதை ‘ஆப்லொ’ என்றும் பின்னதை ‘அப்லோ’ என்றும் எழுதிப் பாருங்கள். என் மாணவர்களின் குறிப்பேடுகளில் இப்படித்தான் இருக்கும். பலகையில் எழுதி இருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும், பிறகு தடுமாறுவதில்லை.

தஞ்சையிலிருந்து ஓர் அன்பர் எழுதியது:

முதலில் மொழியின் பெயரைத் திருத்துங்கள். ‘எசுப்பானியம்’ என்பதே தமிழ் மரபு. கிரந்த எழுத்தில் தொடங்கிய நூலில் கலைச்சொல் மட்டும் தூயதாக இருந்து என்ன பயன்? இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அந்த மொழிக்காரர்களின் வாயைக் கவனிக்கட்டும். இலத்தீனில் ‘ஸ்கோலா’ என்றிருந்த பள்ளியை அவர்கள் ‘எஸ்குவேல’ ஆக்கினார்கள். சகர மெய்யோடு மற்றொரு மெய் மொழிமுதலில் மயங்குவதை அவர்கள் நாவும் ஏற்கவில்லை. முன்னே ஓர் எகரம் வைத்தார்கள். நாம் ‘எசு’ என்று தொடங்கினால் மட்டும் கேலியா?

அடுத்து, அட்டவணையின் பெயர். இதற்கான இலத்தீன் சொல்லின் வேர் ‘நுகத்தில் சேர்த்துப் பூட்டுதல்’. சுப்ஹுன்தீவொவின் வேரும் அதுவே. ‘கீழே பூட்டப்பட்டது’ என்பது பொருள். இலத்தீனில் ‘யுகும்’, தமிழில் ‘நுகம்’! ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்று பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடியது. ஆகவே அட்டவணையை ‘வினைநுகம்’ என்றும் சுப்ஹுன்தீவொவைக் ‘கீழ்நுகம்’ என்றும் வழங்கலாம் என்பது என் துணிபு. நுகம் என்பது ‘யுகம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பார்க்கு விடையாக முப்பது பக்கக் கட்டுரை கைவசம் உள்ளது, கேட்டால் அனுப்புவேன்.

கோவை மொழியியலாளர் எழுதியது:

கட்டுரை இப்போது வேண்டாம், ஐயா, வெள்ளிக்கிழமை கழியட்டும். மாட்டு வண்டியையே பார்த்திராத பிள்ளைக்குச் சுப்ஹுன்தீவொவை விளக்குவதற்கு முன் நுகத்தை விளக்க வேண்டியிருக்கும். ‘எஸ்குவேல’ பற்றிய உங்கள் கருத்து மட்டும் முற்றிலும் சரியானது.

அட்டவணைக்கு ‘வினைவாய்பாடு’ போதும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம், செய என்னும் வாய்பாட்டு எச்சம் என்று இலக்கணத்தில் வழங்கிய சொல்தான் அது. பிள்ளைகள் கணக்கு வாய்பாட்டை ஒப்பிக்கும் அதே இராகத்தில் இதையும் ஒப்பிப்பார்கள்.

உண்மையான சிக்கல் இறந்த காலத்தில் இருக்கிறது. ‘முற்றிய’, ‘முற்றா’ என்று பிரிக்க நண்பர் முனைவார் என அஞ்சுகிறேன். நமக்கு வினைமுற்று என்பது வேறொன்று. ‘முற்றா இறந்த காலம்’ என்றால் தமிழ் படித்தவர் எச்சத்தை நினைப்பார். இங்கே வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெய்யொவிடம் கடன் வாங்கலாம். அவர் 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் பழைய பெயர்களைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு காலமும் மற்றொன்றுக்கு முன்னா, பின்னா, உடனா என்று பார்த்துப் பெயரிட்டார். ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு அவர் இட்ட பெயர் ‘கோப்ரெதேரிதொ’, அதாவது இறந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றோடு உடன் நிகழ்வது. மெக்சிகோவின் பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது. நாமோ மூன்றாம் வேற்றுமையில் ‘உடனிகழ்ச்சிப் பொருள்’ என்று படித்தவர்கள். ‘உடனிகழ் இறந்தகாலம்’ என்று வைத்தால் எண்ணிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு எழுத்து.

இதன் மற்றொரு பயன் வழக்கத்தைச் சொல்வது. ‘அப்போதெல்லாம் பாட்டி இரவில் கதை சொல்லுவாள்’ என்கிறோமே, அங்கே நாம் எதிர்கால வடிவத்தைக் கொண்டு கடந்த கால வழக்கத்தைச் சொல்கிறோம். அந்த ‘சொல்லுவாள்’ என்பதற்கு நேர் ஸ்பானிஷில் இந்த உடனிகழ் வடிவந்தான். நூலில் இந்த ஒரு தொடரைச் சேர்த்துவிட்டால், எல்லாவற்றையும் ‘பேசினேன்’ வடிவத்தில் போட்டுத் தள்ளும் தமிழ் மாணவரின் வழக்கமான பிழையில் பாதி குறையும்.

கூட்டு வடிவங்களுக்கு விளக்கமே தேவையில்லை. பேசியிருக்கிறேன், பேசியிருந்தேன், பேசியிருப்பேன் என்று நம் ‘இரு’ செய்யும் வேலையை அங்கே ‘அபேர்’ என்னும் துணைவினை செய்கிறது. ஒன்று எச்சத்தின் பின்னே நிற்கிறது, மற்றொன்று முன்னே நிற்கிறது, அவ்வளவே.

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

புதுச்சேரி அம்மையார் தொல்காப்பியத்தை எடுத்தார். நான் நன்னூலை எடுக்கிறேன். ‘கயவொடு ரவ்வொற்று ஈற்ற வியங்கோள் இயலும் இடம்பால் எங்கும் என்ப.’ இடந்தோறும் வியங்கோள் உண்டு. ஐயப்பொருள் நம் வியங்கோளில் இல்லை என்பது உண்மை. ஆனால் பழைய சொல்லின் எல்லையைச் சற்றே விரித்துக்கொள்வது புதிதாக ஒன்றை ஒட்டவைப்பதைவிட மேல் என்பது என் நிலை. அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதியபோது, நம் வினைகளை இலத்தீன் சட்டகத்தில்தான் அடுக்கினார். அவர் பெயர்கள் நமக்கு அளவாக இருந்தனவா? நாம் திருப்பி அளக்கும்போது மட்டும் ஒரு நூல் இழை பிசகக் கூடாதா?

‘ஆப்லொ’ பற்றி ஒரு சொல். எகர ஒகரக் குறில்கள் மெய்யோடு கூடிச் சொல்லின் ஈற்றில் நில்லா. ‘நொ’ ஒன்றே விலக்கு. அட்டவணை முழுவதும் தொல்காப்பியம் காணாத ஈறுகள்.

புதுச்சேரி அம்மையார் எழுதியது:

காணாத ஈறு என்பதாலேயே அது வேற்றுமொழிச் சொல் என்று வாசகருக்கு உடனே தெரிகிறது, ஐயா. அதை நன்மையாகவே கொள்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இது. சுப்ஹுன்தீவொவில் வரும் செயல், நடந்ததாகவோ நடப்பதாகவோ உரைக்கப்படுவதில்லை. அது விரும்புவோர், ஐயுறுவோர், அஞ்சுவோர் உள்ளத்தில் ஓர் எண்ணமாக நிற்கிறது. எனவே ‘மோதொ’வைப் ‘பாங்கு’ என்று கொண்டு, ‘எண்ணப்பாங்கு’ எனலாம். உரைப்பதை ‘உரைப்பாங்கு’ எனலாம். சிலர் அதற்குத் ‘தெரிநிலை’யைப் பரிந்துரைக்கக்கூடும். காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதே நமக்குத் தெரிநிலை. எண்ணப்பாங்கும் காலம் காட்டும் என்பதால் அது வேறுபடுத்தப் பயன்படாது. ஏவல், ஏவலாகவே இருக்கட்டும். எதிர்மறை ஏவலான ‘பேசாதே’க்கு ஸ்பானிஷ் எண்ணப்பாங்கை இரவல் வாங்குகிறது என்பதை அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும்.

தஞ்சை அன்பர் எழுதியது:

‘எண்ணம்’ என்றால் எண்ணிக்கையும் ஆகும். ஒருமை, பன்மைக்குப் பக்கத்திலேயே ‘எண்ணப்பாங்கு’ என்று அச்சிட்டால் வாசகர் எதை நினைப்பார்? என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நுகம் பற்றிய கட்டுரையைத் தனியே அனுப்பியுள்ளேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. இன்று வியாழன், மணி பதினொன்று ஆகிறது. மடலில் கருத்துச் சொன்னவர்களையும் தனியே எழுதியவர்களையும் சேர்த்து எண்ணியதில், எண்ணப்பாங்குக்கு ஐவர், வியங்கோளுக்கு மூவர், கீழ்நுகத்துக்கு ஒருவர். ‘எதையாவது போட்டு முடியுங்கள்’ என்றவர் இருவர். அவர்களைப் பெரும்பான்மையோடு சேர்த்துவிட்டேன். அட்டவணைக்கு வினைவாய்பாடு. இறந்த காலங்களில் ஒன்று உடனிகழ் இறந்தகாலம். அதனோடு சேர்ந்து நிற்பதால் மற்றதை வெறும் ‘இறந்தகாலம்’ என்றே விட்டிருக்கிறேன். ஒலிபெயர்ப்பில் குறிலும் நெடிலும் அம்மையார் சொன்னபடி. பாட்டி கதை சொல்லும் தொடரும் சேர்ந்துவிட்டது. மொழியின் பெயர் அட்டையில் ஏற்கெனவே ‘ஸ்பானிஷ்’ என்று அச்சாகிவிட்டது; தஞ்சை ஐயா பொறுத்தருள்க.

ஒன்று மட்டும் மிச்சம். ஏவல் நிரலில் தன்மை ஒருமைக்கு வடிவம் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதா, கோடு இடுவதா?

மதுரைத் தமிழாசிரியர் எழுதியது:

கோடு இடுங்கள். காலியாக விட்டால் அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது பேனாவால் நிரப்புவார்கள். நூல் வந்ததும் எனக்கு இரண்டு படிகள் அனுப்புங்கள். எண்ணப்பாங்கு என்று இருக்குமிடமெல்லாம் என் படியில் வியங்கோள் என்று எழுதிக்கொள்கிறேன்.