3½ அங்குல லேத்தில் 9 அங்குல ஃப்ளைவீல்: கட்டை வைத்து உயர்த்திய அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய மைஃபோர்டு எம்.எல்.7 லேத் (கடைசல் இயந்திரம்). சென்டர் உயரம், அதாவது பெட்டிலிருந்து (லேத்தின் நீண்ட அடித்தளம்) சுழலும் அச்சு வரை, 3½ அங்குலம்; பெட்டுக்கு மேல் 7 அங்குல விட்டம்தான் சுழலும். பெட்டின் இடது முனையில் உள்ள பள்ளமான கேப்பில் 10 அங்குலம் போகும். ஆனால் ஃபோர் ஜா சக்கில் (நான்கு தாடை கொண்ட பிடிப்பான்) பிடித்தால் ஃப்ளைவீலின் விளிம்பு கேப்பைத் தாண்டி பெட்டுக்கு நேரே வந்து நின்றது. அதனால்தான் அச்சை உயர்த்த அடியில் கட்டை.

ஹெட்ஸ்டாக்குக்கு (பொருளைச் சுழற்றும் இடதுபக்கத் தலை) ஒன்று, டெயில்ஸ்டாக்குக்கு (மறுமுனையைத் தாங்கும் வலதுபக்கத் தலை) ஒன்று, 1¼ அங்குல உயர வார்ப்பிரும்பு. பெங்களூரு பீன்யாவில் சர்ஃபேஸ் கிரைண்டிங் (மட்டமாகத் தேய்த்தல்) செய்யும் தருமபுரி அண்ணன், "தனித்தனியா ஓட்டினா ரெண்டு உயரம் வரும் தம்பி, ஒண்ணா மேக்னெட்டுல வை" என்றார்; கிரைண்டரின் காந்த மேசையைச் சொன்னார். சுழலும் வட்டம் 9½ ஆனது.

உயர்த்துவது சுலபம், அப்புறம்தான் வேலையே. வெட்டும் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டுக்கும் அதே 1¼ பேக்கிங் வேண்டும். பெல்ட் நீளம் மாறும். ஸ்பிண்டில் (சுழலும் அச்சு) கியர் மேலே போய்விடுவதால், டூலைத் தானாக நகர்த்தும் கீழே உள்ள சேஞ்ச் கியரோடு பல் சேராது. நடுவில் இன்னொரு ஐட்லர் (இடைக் கியர்) போட்டால்தான் ஆட்டோ ஃபீடு, மரை வெட்டுவது எல்லாம். நான் போடவில்லை, கைப்பிடியைச் சுற்றி டூலை நகர்த்தியே கடைந்தேன். அலைன்மென்ட்தான் உயிரை எடுத்தது. தடித்த கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் துணையில்லாமல் சக்குப் பக்கம் ஒரு இடம், முனையில் ஒரு இடம் லேசாகக் கடைந்து, இரண்டும் ஒரே விட்டம் வரும்வரை ஹெட்ஸ்டாக்கைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும்.

பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் கியர்) இல்லாத லேத்தில் இதை நினைக்கவே வேண்டாம். எம்.எல்.7-ன் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 35 சுற்று. 9 அங்குல விளிம்பில் அதுவே நிமிடத்துக்கு 25 மீட்டர் வந்துவிடுகிறது, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு வார்ப்பிரும்பில் அது போதும். கொஞ்சம் ஆழமாக வெட்டினாலும் சேட்டர் (அதிர்வு). ஜாப் முடிந்தது, பரவாயில்லை. ஆனால் ஒரே ஒரு ஜாபுக்கு என்றால் பீன்யாவில் பெரிய லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.

*

தம்பி, நான் எச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஜாலஹள்ளி. சக்கை ஏன் போட்டீர்கள்? ஃபேஸ்பிளேட்டில் (ஸ்பிண்டிலில் மாட்டும் தட்டு) நேராக போல்ட் போட்டிருந்தால் சக்கின் தடிமன் அளவு ஜாப் உள்ளே போயிருக்கும். விளிம்பு கேப்புக்குள்ளேயே விழுந்திருக்கலாம். சேட்டரும் பாதி குறையும், ஸ்பிண்டிலிலிருந்து தள்ளித் தொங்குவதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

*

சார், அதையும் பார்த்தேன். விளிம்பு கேப்புக்குள் போகிறது. ஆனால் சேடில் (டூலைத் தாங்கி பெட்டில் நகரும் பகுதி) அவ்வளவு இடதுபக்கம் வந்தால் பாதி ஆதாரமில்லாமல் நிற்கிறது, டூலை நீட்டிப் பிடிக்க வேண்டும்.

*

நீட்டினால் என்ன? டூலின் ஷாங்க்கை (பிடிக்கும் தண்டு) தடித்ததாகப் போடுங்கள், வெட்டைக் குறையுங்கள். கட்டை மேல் நிற்கிற ஹெட்ஸ்டாக்கை விட அது கெட்டியாகத்தான் இருக்கும்.

*

அல்சூரிலிருந்து. என்னுடையது யூனிமேட் எஸ்.எல்., சென்டர் உயரம் 36 மி.மீ.தான். தயாரித்த எம்கோ கம்பெனியே இதற்கு உயர்த்தும் கட்டை விற்றது. வைத்துப் பார்த்தேன், அலுமினியமும் பித்தளையும் நன்றாகவே வருகிறது. பெரிய விட்டத்தில் இரும்பு வேண்டாம், வேகம் அந்த அளவுக்கு இறங்காது, மோட்டாரும் சின்னது.