வாஷிங்டன் குடும்பப் பெயர்: ஒரு புதுப்பிப்பு

வடகிழக்கு இங்கிலாந்தின் வாஷிங்டன் ஊரில் 12ஆம் நூற்றாண்டில் நிலம் பெற்ற வில்லியம் டி ஹெர்ட்பர்ன், ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார் என்று முன்பு எழுதியிருந்தேன். “பிறகு எப்படி அமெரிக்காவில் இது கறுப்பின மக்களின் பெயராச்சு?” என்று கேட்டிருந்தீர்கள்.

1650களில் ஜான் வாஷிங்டன் வர்ஜீனியாவுக்குப் போனார். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரன். ஆனால் பெயர் இவ்வளவு பரவியது அந்த வம்சத்தால் இல்லை (ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகளே கிடையாது). அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் பலர் தாங்களே தேர்ந்துகொண்ட பெயர் இது. அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டபோது தானாகச் சொன்னார். எல்லோரும் ஜார்ஜின் பண்ணை அடிமைகளின் வாரிசுகள் என்ற பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இப்பெயர் கொண்டவர்களில் சுமார் 90% பேர் கறுப்பினத்தவர்.