ரோமில் நான்கு நாள்: புகழ்பெற்ற இடங்களை ஒதுக்கிவிட்டுச் சுற்றலாமா?

வழிப்போக்கன்:

ரோமுக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நம்மவர்கள் எழுதிக்கொடுக்கும் பயணத் திட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. கொலோசியம், வாத்திகன் அருங்காட்சியகம், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், திரெவி நீரூற்று, இவற்றுக்கு நடுவே வரிசையில் நிற்பது, அவ்வளவுதான். திரெவியில் நெரிசல் தாங்காமல், 2024 டிசம்பரில் துப்புரவுப் பணி முடிந்து திறந்தபோது, ஒரே நேரத்தில் 400 பேரை மட்டுமே அருகே விடுவது என்று மாநகர நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. நான்கு நாள் கையில் இருப்பவர், இந்த நான்கு இடங்களையும் முதல் நாளே வெளியிலிருந்து பார்த்து முடித்துவிட்டு, எஞ்சிய மூன்று நாள்களைக் கூட்டம் எட்டிப் பார்க்காத ரோமுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்த ரோம் எது என்று கேட்டால், முதலில் ஒஸ்தியென்சே சாலையில் உள்ள சென்த்ராலே மொந்தெமார்த்தீனியைச் சொல்வேன். அது 1912இல் இயங்கத் தொடங்கிய மின் நிலையம். 1997இல் கப்பித்தோலினோ அருங்காட்சியகத்தில் சீரமைப்பு நடந்தபோது அங்கிருந்த பழைய சிலைகளைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தவர்கள் வியந்துபோனதால் அதுவே நிரந்தரமாகிவிட்டது. இயந்திரக் கூடத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய கருநிற டீசல் இயந்திரங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் முன்னால் வெண்பளிங்குத் தேவதைகள். ஒரு சிலையின் மடிப்பு மடிப்பான ஆடைக்குப் பின்னே அழுத்தமானிகளும் குழாய்களும் தெரியும் காட்சியை உலகில் வேறெங்கும் நான் கண்டதில்லை. மேலும், சிலைக்கும் நமக்கும் நடுவே வேறொருவரின் கைப்பேசி இருக்காது.

கடலூரான்:

நண்பர் சொல்லும் மின் நிலையத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. 'வெளியிலிருந்து பார்த்து முடித்துவிட்டு' என்ற சொற்றொடரைத்தான் மறுக்கிறேன். பாந்தியனை வெளியிலிருந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது? அந்தக் கட்டடத்தின் பெருமையே உள்ளே இருக்கிறது. 43 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டம்; தரையிலிருந்து உச்சித் துளை வரையிலான உயரமும் அதே அளவு; இரும்புக் கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட் குவிமாடம் ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக நிற்கிறது. மேலே போகப்போகச் சுவரின் தடிமனைக் குறைத்ததோடு நில்லாமல், கலவையில் சேர்த்த கல்லையும் கனமானதிலிருந்து இலேசான எரிமலைக் கல்லாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். துளை வழியே விழும் வெயில் வட்டம் சுவரில் நகர்வதைப் பார்க்க 2023 முதல் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதற்காக, வாசலோடு திரும்பிவிடச் சொல்வீர்களா? வாத்திகன் அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பார்க்கும், மைக்கேலாஞ்சலோ ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்துக்கோ வெளிப்புறம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர் ஷெங்கன் விசாவுக்கு அலைந்து, வங்கிக் கணக்கு விவரம் முதல் விடுதி முன்பதிவு வரை ஒப்படைத்து, விமானச் செலவும் செய்து போகிறார். அவரில் பலருக்கு இரண்டாவது பயணம் வாய்க்காது. கூட்டம் கூடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக மைக்கேலாஞ்சலோவைப் பார்க்காமல் திரும்பச் சொல்வது, எழுதுபவரின் தனித்தன்மையைக் காட்டப் பயன்படலாம், போகிறவருக்குப் பயன்படாது.

இன்னொன்று. 'யாரும் அறியாத இடம்' என்று எழுதப்படுவதன் கதி நாம் அறிந்ததே. அவெந்தீனோ குன்றில் மால்டா வீரர் சபை என்ற கத்தோலிக்க அமைப்பின் வளாகக் கதவில் ஒரு சாவித்துளை உண்டு. அதன் வழியே பார்த்தால் வேலிச் செடிகளுக்கு நடுவே புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் பொருத்தி வைத்தாற்போலத் தெரியும். ஒரு காலத்தில் இரகசியமாக இருந்தது, இன்று அந்தத் துளைக்கும் வரிசை நிற்கிறது.

நிலாமுற்றம்:

நான் வேலை நிமித்தமாக ரோமின் தென்பகுதியில் வசிப்பவள். எனவே சாவித்துளை வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரிசையில் நிற்பவர்கள் சில நிமிட நடையில் உள்ள சாந்தா சபீனா தேவாலயத்தைக் கடந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள், ஆனால் உள்ளே நுழைபவர்கள் குறைவு. ஐந்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தத் தேவாலயத்தின் முகமண்டபத்தில், அதே நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கதவு இன்னும் நிற்கிறது. விவிலியக் காட்சிகளைச் செதுக்கிய பலகைகளில் பதினெட்டு எஞ்சியுள்ளன. இடப்பக்க மேல் மூலையில் உள்ள சிறிய பலகையில் கைகளை விரித்து மூவர் நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் பெரியவர். சிலுவை மரம் தெளிவாகக் காட்டப்படவே இல்லை. இயேசு சிலுவையில் அறையப்பட்டதைக் காட்டும் மிகப் பழைய சித்திரிப்புகளுள் ஒன்று அது. கட்டணமும் கிடையாது.

எனவே பிரச்சினை கூட்டம் மட்டுமன்று. எதைப் படம் எடுத்து உடனே காட்ட முடியுமோ அங்கே வரிசை நிற்கிறது. நின்று உற்றுப் பார்க்க வேண்டியது பக்கத்திலேயே காலியாகக் கிடக்கிறது.

ஆனால் வழிப்போக்கன் வகையினர் அடுத்து கார்பத்தெல்லாவைத்தான் பரிந்துரைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 1920இல், வீடுகளுக்கு நடுவே தோட்டத்துக்கும் இடம் விடும் தோட்ட நகரக் கருத்தைத் தழுவித் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுப்பத் தொடங்கிய குடியிருப்பு அது. தெருவிலிருந்து வளைவுகள் வழியே நுழைந்தால் பொது முற்றம், கொடியில் துணி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். அது அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒப்பான இடம். அங்கே நுழைந்து உலரும் துணியைப் படம் பிடித்துக்கொண்டு போவதற்குச் சுற்றுலா என்ற பெயர் எனக்கு உவப்பாக இல்லை.

வழிப்போக்கன்:

கார்பத்தெல்லாவைச் சொல்லத்தான் போகிறேன், மறைக்கவில்லை. அங்கே தெருவும் சதுக்கமும் உணவகமும் பொதுவானவை. முற்றத்துக்குள் நுழையாமல் அவற்றில் நடந்தாலே அந்தக் கட்டடக்கலையை அனுபவிக்க முடியும். ஒருவர் முறைகேடாக நடந்துகொள்வார் என்பதற்காக அந்தப் பகுதியையே மற்றவர்களிடமிருந்து மறைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியாது. வெளியூர்க்காரர் வருவதால் அங்குள்ள சிறு கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது.

கடலூரானுக்கு: பாந்தியன் விளக்கம் அருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் ரோமானியர்களின் ஆற்றல் குவிமாடத்தில் மட்டுமா இருந்தது? தெஸ்தாச்சோ மேட்டைப் பாருங்கள். சுமார் 35 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்று முழுவதும் உடைந்த மண்சாடிகளால் ஆனது. ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த ஆலிவ் எண்ணெயைத் துறையருகே மாற்றி ஊற்றிய பிறகு, எண்ணெய் ஊறிக் காறல் வாடை அடித்த சாடிகள் வேறு எதற்கும் உதவவில்லை. அவற்றை உடைத்து, ஒழுங்காக அடுக்கி, வாடை தெரியாமலிருக்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். பல ஓடுகளில் எடையும் அனுப்பியவர் பெயரும் மையால் எழுதப்பட்டிருந்ததால், ஒரு பேரரசின் கொள்முதல் கணக்கே அந்தக் குப்பைமேட்டிலிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. மேலே ஏற முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஆனால் அடிவாரத்து உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னே அடுக்கடுக்கான ஓடுகளைப் பார்த்தபடியே சாப்பிடலாம். இதை விட்டுவிட்டுத் திரெவியில் நாணயம் போடுவது அவரவர் விருப்பம்.

வெண்கொற்றன்:

இரு தரப்பாரும் இளங்கால்களை வைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அறுபத்தைந்தைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு வரும் மே மாதம் போக இருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி; அம்மா சைவம். 'ஆப்பியா பழஞ்சாலையில் நடங்கள்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், கி.மு. 312இல் தொடங்கிய சாலை என்பது பெருமைதான், ஆனால் பழைய கருங்கல் பாவிய பகுதிகள் மேடும் பள்ளமுமாக இருப்பதைப் படங்களில் பார்க்கும்போதே எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வருகிறது. யார் யாருக்குப் பரிந்துரைக்கிறோம் என்பதைப் பார்க்காமல் நடக்கும் வாதத்தால் என்ன பயன்?

கடலூரான்:

வெண்கொற்றன் கேட்பது நியாயம். எட்டாத மூலைக்கு ஓடுவதைக் காட்டிலும், புகழ்பெற்ற இடத்தைப் பார்த்த கையோடு அதன் பக்கத்துத் தெருவில் நுழைவதே மேல் என்பதுதான் என் நிலைப்பாடு. கொலோசியத்திலிருந்து சில நூறு மீட்டரில் சான் கிளெமெந்தே இருக்கிறது: மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் கீழே நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரா என்ற பழந்தெய்வத்தின் வழிபாட்டு அறையும். 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கியதால் வெளிப்பட்டவை இவை. அடித்தளத்தில் நிற்கும்போது எங்கோ நீர் ஓடும் ஓசை காதில் விழும். கீழ்த்தளங்களுக்குக் கட்டணமும் நிறையப் படிகளும் உண்டு, ஆகையால் உங்கள் தந்தைக்கு மேல்தளம் மட்டும் போதும். அங்குள்ள பொன்னிற மொசைக் ஓவியத்தை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

நிலாமுற்றம்:

பெற்றோருக்காக நான் சொல்வது இதுதான். நீர்ப்பாலப் பூங்காவுக்கு மெட்ரோ ஏ தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்து போகலாம். நிலம் பெரும்பாலும் சமதளம்தான். நகருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுப்பி, கி.பி. 52இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் முடிந்த நீர்ப்பாலத்தின் வளைவுகள் புல்வெளியில் வரிசையாக நிற்கும். மாலையில் அக்கம்பக்கத்தார் நாயோடு உலவ வருவார்கள். குடிநீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நகரின் தெருக்களில் இடைவிடாமல் ஓடும் வளைமூக்குக் குழாய்களின் நீர் குடிக்கத் தக்கது.

அம்மாவுக்கு 'காச்சோ இ பெப்பே', அதாவது பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்த்த பாஸ்தா, எளிதில் கிடைக்கும். ஆனால் பெக்கொரினோ பாலாடைக்கட்டியை உறையவைக்க விலங்கிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பதால், கண்டிப்பான சைவம் என்றால் தக்காளிப் பாஸ்தாவே பாதுகாப்பு.

திங்கட்கிழமையில் மொந்தெமார்த்தீனியும் ஓஸ்தியா தொல்நகரும் மூடியிருக்கும். அன்றைக்குச் சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்தில் ஓவியர் கரவாஜோவின் இரு ஓவியங்களைப் பாருங்கள். பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், எனவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் பல தேவாலயங்களை அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.