அப்பா காலைல வாக்கிங் போறாரு, மீதி நேரம் பூரா சேர்லயே இருக்காரு, இது போதுமா?

பாம்பன்_மக:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு 71 வயசு, சின்ன வயசுலயே கடலுக்குப் போனவரு, மொதல்ல வள்ளம், பெறகு விசைப்படகு. போன வருசம் கண்ணுல புரை ஆபரேசன் பண்ணதுக்கப்புறம் அண்ணன் இனிமே கடலுக்குப் போகவேணாம்னு சொல்லிட்டான். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுறாரு. தினமும் காலைல எந்திரிச்சு பாலத்துப் பக்கம் அரை மணி நேரம் நடந்துட்டு வந்துருவாரு, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாருன்னா டிவி, சாப்பாடு, தூக்கம், மறுபடி டிவிதான். ஒரு நாள் மணியப் பாத்து எழுதி வச்சேன், தூங்குன நேரத்தை விட்டுட்டே பத்தரை மணி நேரம் வந்துச்சு, எனக்குப் பயமாயிருச்சு. சேர்லருந்து எந்திரிக்கிறப்ப இப்ப ரெண்டு கையையும் ஊன்றாரு, ஒரு வருசத்துக்கு முன்னாடி வடக்கயிறு இழுத்த கை அது. கேட்டா "அதான் வாக்கிங் போயிட்டேன்ல"ங்குறாரு. அது போதுமா? இன்னொன்னு, முந்தியும் வலை கட்டுறப்ப மணிக்கணக்கா உக்காந்துதான இருந்தாரு, அப்ப ஒண்ணும் ஆகலயே?

கடல்காத்து65:
தங்கச்சி, அம்பது வருசத்துக்கு மேல கச்சான்லயும் வாடையிலயும் ஒழைச்ச ஒடம்பும்மா அது. கொஞ்ச நாள் உக்காரட்டுமே. புள்ளைங்க தலையெடுத்த பெறகாச்சும் அவரு ஓய்வா இருக்கணும்னுதான நாம ஆசப்படுறோம். காலைல நடக்குறாரே, அதுவே பெருசு.

ராம்நாடு_நர்ஸக்கா:
அண்ணே, நீங்க பாசத்துல சொல்றீங்க, எனக்குப் புரியுது. நான் 28 வருசம் ஆஸ்பத்திரி வார்டுல வேல பாத்து ரிட்டயர் ஆனவ, அதனால இதை அழுத்திச் சொல்லணும். ஓய்வு வேற, நாள் முச்சூடும் அசையாம இருக்கறது வேற. நல்லா இருந்த பெரியவங்க 12 பேரை 10 நாள் படுக்கையிலயே வச்சுப் பாத்த ஆராய்ச்சி ஒண்ணு 2007ல வந்துச்சு. அந்தப் பத்து நாள்லயே கால்ல இருந்த சதை சராசரியா ஒரு கிலோ கிட்ட கொறஞ்சிருச்சு. சேர்ல இருக்கறது படுக்கை அளவுக்கு மோசமில்ல, ஆனா கால் சதைக்கு வேலையில்லங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். கையை ஊன்றாருன்னு தங்கச்சி எழுதிருக்கே, அதைத்தான் நான் மொதல்ல கவனிச்சேன், தொடையில பலம் கொறையுதுன்னு அர்த்தம், நாளைக்குக் கீழ விழறது அங்கருந்துதான் ஆரம்பிக்கும்.

அரை மணி நடை நல்லதுதான், நிறுத்த வேணாம். ஆனா அது பத்து மணி நேரத்துக்கு ஈடாகாது. 2016ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில பல ஆராய்ச்சிகளச் சேத்து 10 லட்சம் பேருக்கு மேல கணக்குப் பாத்தாங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தவங்கள்ல, தினமும் 60லருந்து 75 நிமிசம் வேக நடை அளவுக்கு ஒடம்ப அசைச்சவங்களுக்குத்தான் உக்காந்ததால சீக்கிரம் சாவு வர்ற கூடுதல் ஆபத்து இல்லாமப் போச்சு. 71 வயசுல அவ்வளவு நடக்கச் சொல்லி வற்புறுத்த முடியுமா? அதவிட உக்காந்த நேரத்தை நடுநடுவுல ஒடைக்கறது சுலபம். அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும், குறிப்பா சாப்பிட்ட பெறகு. சாப்பாட்டுல வர்ற சர்க்கரைய இழுத்துக்கறது பெரும்பாலும் சதைதான், தொடையும் கெண்டைக்காலும் சும்மா கெடந்தா அது ரத்தத்துலயே நிக்கும், சுகர்காரருக்கு இது ரொம்ப முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதுதான், வாரத்துக்கு 150 நிமிசமாச்சும் மிதமான உழைப்பு, வாரத்துல மூணு நாளாவது பெரியவங்களுக்கு பேலன்ஸும் பலமும் கூட்டுற பயிற்சி, அதோட உக்கார்ற நேரத்தைக் கொறைக்கணும்னு.

வலை விசயம் நல்ல கேள்வி. வலை கட்டுறவரு தரையில உக்காந்து கால் கட்டைவிரல்ல வலைய மாட்டி இழுப்பாரு, நூலுக்கு எந்திரிப்பாரு, அடுத்த கிழிசலுக்கு நகருவாரு, தரையிலருந்து எந்திரிக்கறதே தொடைக்குப் பயிற்சி. கையும் கண்ணும் மூளையும் வேலை செய்யும், பக்கத்துல பேச ஆளும் இருக்கும். டிவி முன்னாடி இதுல ஒண்ணும் கெடையாது. 60 வயசுக்கு மேற்பட்ட 1,45,000 பேருக்கு மேல பாத்த ஒரு ஆராய்ச்சி 2022ல வந்துச்சு, டிவி முன்னாடி நெறைய நேரம் இருந்தவங்களுக்கு மறதி நோய் வர்றது அதிகமா இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல உக்காந்தவங்களுக்கு அப்படி இல்ல. டிவிதான் காரணம்னு அத வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா எல்லா உக்கார்றதும் ஒண்ணில்லன்னு தெரியுது.

ஜாக்கிரதையும் வேணும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவரு சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும், கொஞ்ச நேரம் காலை ஆட்டிட்டு, எதையாச்சும் புடிச்சு எந்திரிக்கச் சொல்லு. வெயில் ஏறுன மணல்ல வெறுங்கால்ல நடக்கவே விடாதே, சுகர்ல கால் மரத்திருந்தா சுட்டது கூடத் தெரியாது, தினமும் ராத்திரி பாதத்தைப் பாரு. நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தாலும் சரி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் சரி, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிரணும்.

கீழக்கரை_வாசி:
எங்க உம்மா கதையும் இதேதான் சகோதரி. வாப்பா மௌத்தானதுக்கப்புறம் நாங்க எல்லாரும் சேந்து உம்மாவ ராணி மாதிரி வச்சிருக்கோம்னு நெனச்சு தண்ணி, போன், மாத்திரை, வெத்தலைப்பெட்டி எல்லாத்தையும் கைக்கு எட்டுற தூரத்துல கொண்டுபோய் வச்சோம், அவங்க எதுக்கும் எந்திரிக்கவே வேண்டிய அவசியமில்லாம ஆக்கிட்டோம். ரெண்டு வருசத்துல படி ஏற முடியல. முட்டி வலின்னு தொழுகையும் முழுசா சேர்லயே ஆயிருச்சு. பிசியோதெரபி பாக்குற புள்ள வந்து பாத்துட்டு, நிக்க முடியுதுல்ல, அப்ப நிக்கிறதையாச்சும் நின்னே தொழுங்க, நெத்திய தரையில வைக்கிற சஜ்தாவுக்கு மட்டும் சேர்ல உக்காந்துக்கங்கன்னுச்சு. இப்ப அஞ்சு வேளையும் அப்படித்தான். எங்க தெருவுல இந்த வயசு பொம்பளைங்க வாக்கிங் போறது பழக்கமில்ல, அதனால சாயந்தரம் அஸர் தொழுகைக்கப்புறம் முத்தத்துலயே பேத்தியக் கையில புடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. தண்ணிக் கொடத்த அடுப்படிக்கே மாத்திட்டோம், மொதல் வாரம் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, உம்மா எந்திரிச்சுப் போறதப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கேனேன்னு. இப்போ ஏழெட்டு மாசமாச்சு, ஒரு கையில சுவரப் புடிச்சு மொட்டை மாடி வரைக்கும் ஏறுறாங்க.

கடல்காத்து65:
நர்ஸக்கா சொன்னதப் படிச்சதும் எங்க அய்யா ஞாபகம் வந்துருச்சு. அவரும் இப்படித்தான் சேர்ல உக்காந்தாரு, பெறகு கட்டிலுக்குப் போனாரு, அங்கருந்து எந்திரிக்கல. நான் அத வயசுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். தங்கச்சி, இப்ப மீன்பிடித் தடைக்காலம்தான, போட்டெல்லாம் கரையில ஏத்தி மராமத்து நடக்குது, வலைக்காரவங்க அத்தன பேரும் அங்கிட்டுத்தான் இருப்பாங்க. எக்சர்சைஸ்னு சொன்னா அவரு காதுல வாங்க மாட்டாரு, வலை பாக்க ஆளில்ல வாங்கன்னு அண்ணனக் கூப்புடச் சொல்லு.

பாம்பன்_மக:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே நீங்க சொன்னபடியே அண்ணன் கூப்பிட்டான், நம்பவே முடியல, மறுநாள் காலைல எங்களுக்கு முன்னாடி செருப்ப மாட்டிட்டு நிக்கிறாரு. பதினோரு மணி வரைக்கும் கரையில இருக்காரு, சின்னப் பசங்களுக்குக் கண்ணி போடச் சொல்லிக் குடுக்குறாரு, அவரு போடுற சத்தம் ஐஸ் கம்பெனி வரைக்கும் கேக்குதாம். மே மாசம்ங்கறதால சாயந்தரம் மாதா கோயில்ல செபமாலைக்கும் நடந்தே போறாரு. சாப்பிட்ட பெறகு தண்ணி நான் எடுத்துக் குடுக்கறதில்ல. நேத்து மறுபடி மணியப் பாத்து எழுதுனேன், உக்காந்தது ஏழு மணி நேரம், அதுலயும் ரெண்டு மணி நேரம் வலைதான். கை ஊனாம சேர்லருந்து தொடர்ந்து எத்தன தடவ எந்திரிக்கிறாருன்னும் பாத்தேன், மொத நாள் மூணு, இப்ப எட்டு. சுகர் அடுத்த வாரம்தான் பாக்கணும். எனக்கு ஒரே கவலை, ஜூன் 15க்கு மேல தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடல்ல எறங்கிரும், கரை காலியாயிரும், திரும்பவும் சேர்தானா?

கடல்காத்து65:
கரை எங்கம்மா காலியாகும். விசைப்படகு வாரத்துல மூணு நாளுதான போகும், மத்த நாளு நாட்டுப்படகு. போட்டு வந்து எறங்குனா கிழிஞ்ச வலை கெடக்கும், பாக்க ஆளுதான் கெடைக்காது. அப்பாட்ட அந்த வேலைய இப்பவே பேசி வச்சுரு, கூலியும் பேசிரு, சும்மா செய்யச் சொல்லாதே.

ராம்நாடு_நர்ஸக்கா:
எட்டு தடவையா! நல்லது ம்மா. ஆனா வெயில்ல பதினோரு மணி வரைக்கும்னா தண்ணி பாட்டில் கூடவே இருக்கட்டும், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகாம பாத்துக்க, சில சுகர் மாத்திரை சாப்பிட்டுட்டு சாப்பாடு லேட்டானா சர்க்கரை எறங்கிரும், சட்டைப் பையில ரெண்டு மிட்டாய் போட்டு அனுப்பு. ரிப்போர்ட் வந்ததும் எழுது, மாத்திரையக் கொறைக்கறதெல்லாம் டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.