கலைச்சொல்: கணினி ‘ஹேங்’ ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான கணினி பழுதுபார்ப்பு வகுப்புக்குக் கையேடு தயாராகிறது. இயங்குதளமும் வன்பொருளும் ஒத்துப்போகாமல் கணினி அப்படியே நின்றுபோவது பற்றிய பாடத்தில், ஒரே பக்கத்தில் தொங்கல், முடக்கம், செயலிழப்பு, உறைதல் என்று நான்கு சொற்கள் கிடக்கின்றன. பிள்ளைகள் வாயில் இருப்பதோ ‘ஹேங் ஆயிருச்சு’, ‘ஜாம் ஆயிருச்சு’ இரண்டும்தான். எதை வைக்கலாம்? ஒரு சொல்லை முடிவுசெய்து தாருங்கள்.

*

தம்பி,

ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். கணினி நின்றதும் மாணவர் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: காத்திருப்பதா, பவர் பட்டனை அமுக்குவதா? காத்திருக்க வேண்டிய நேரத்தில் மின்சாரத்தை அறுத்தால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும்; அப்டேட் நடுவில் என்றால் விண்டோஸே எழாமல் போகலாம். அந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிட வேண்டும்.

‘தொங்கல்’ ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்த்து எழுதியது. நம் காதில் எதுவும் சொல்லவில்லை. ‘முடக்கம்’ வேண்டுமென்றே செய்வதற்குப் போய்விட்டது: கணக்கை முடக்கு, டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) முடக்கு. இந்தப் பாடத்திலேயே ‘டிரைவரை முடக்கிப் பாருங்கள்’ என்று எழுத வேண்டிவரும், குழம்பிவிடும். ‘செயலிழப்பு’ கருகிப்போன மதர்போர்டுக்கும் பொருந்தும்.

என் பரிந்துரை: தானாகவோ விசையாலோ மீளக்கூடியது திகைப்பு. மின்சாரத்தை நிறுத்தினால் ஒழிய மீளாதது உறைவு.

இரண்டையும் பிரித்தறிய கேப்ஸ் லாக் விசையை அமுக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கை விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அமுங்கிய செய்தி கணினிக்குப் போய், இயங்குதளம் ‘விளக்கை ஏற்று’ என்று திருப்பிச் சொன்னால்தான் எரியும். ஆகவே, திரை நின்றிருந்தாலும் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது: திகைப்பு. அமுக்க அமுக்க அசையாமல் இருந்தால் பெரும்பாலும் உறைவு. ஒரு நிமிடம் விட்டு மறுபடி அமுக்கிப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலும் இந்த நிலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. செயலி (சிபியு) கெர்னலுக்குள்ளேயே 20 விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டு வேறு எதற்கும் இடம் தராவிட்டால் ஒன்று; 10 விநாடிக்கு மேல் குறுக்கீடுகளைக்கூட (சாதனங்கள் செயலிக்கு அனுப்பும் அவசர அழைப்புகள்) ஏற்காவிட்டால் மற்றது. ஆங்கிலத்தில் இவை சாஃப்ட் லாக்கப், ஹார்ட் லாக்கப்; மென் உறைவு, வன் உறைவு என்று பெயர்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மென்பொருள், வன்பொருள் என்று படித்துப் பழகிய பிள்ளை ‘வன் உறைவு’ என்றதும் வன்பொருள் பழுது என்றே எடுத்துக்கொள்ளும், நல்ல ரேமைக் கழற்றி வைக்கும். உண்மையில் டிரைவர் பிழையாலும் அது வரும்.

திகைப்பில் செய்ய வேண்டியவை. வட்டு விளக்கு மின்னினால் 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும்; திரை ஒருமுறை கறுத்து வரும். கிராபிக்ஸ் அட்டை 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் தானாகவே இதைச் செய்யப் பார்க்கும், நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் வியூவர்) 4101 என்ற எண் விழும். உபுண்டுவில் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (B) என ஒவ்வொன்றாக, இடையில் சில விநாடி விட்டு அமுக்கினால் வட்டில் எழுதி முடித்து ஒழுங்காக மறுதொடக்கம் ஆகும்.

உறைவு என்றால் வேறு வழியில்லை. பவர் பட்டனைக் கணினி அணையும்வரை பிடித்திருங்கள். மறுபடி எழுந்ததும் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 நிச்சயம் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயரில் ‘பவர்’ இருப்பதால் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். 41 சொல்வது, சென்ற முறை முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. பட்டனைப் பிடித்தவர் நாம்தான். காரணம் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும். 129 இருந்தால் வட்டுப் பக்கம்: சாட்டா கேபிளை மாற்றி, வட்டின் ஃபர்ம்வேரைப் பார்க்க வேண்டும். வியா-லாகர் (WHEA-Logger) 18 இருந்தால் செயலியே பிழை அறிவித்திருக்கிறது: ஓவர்கிளாக்கும் (செயலியை வரம்பு மீறி ஓட்டுவது) எக்ஸ்எம்பியும் (ரேமை வேகமாக ஓட்டுவது) இருந்தால் பயாஸில் நிறுத்திவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டினால் எது என்று தெரியும்.

முந்தைய வரிகளில் எதுவுமே இல்லை, சும்மா இருக்கும்போதுதான் நிற்கிறது என்றால் ஆழ்தூக்கத்தைச் சந்தேகியுங்கள். இயங்குதளம் செயலியை உறங்க அனுப்புகிறது, செயலி விழிப்பதில்லை. இன்டெல் பே டிரெயில் செயலிகளில் லினக்ஸ் இப்படி உறைந்தது. சி-ஸ்டேட் எனும் உறக்க ஆழத்தை 1-இல் நிறுத்தினால் சரியாகும். முதல் தலைமுறை ரைசனில் பயாஸில் உள்ள ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ தெரிவை ‘டிப்பிக்கல் கரன்ட் ஐடில்’ என மாற்ற வேண்டும்.

*

வணக்கம் ஐயா.

மென், வன் வேண்டாம் என்பது முழுக்கச் சரி. ஆனால் உறைதல் என்றால் தங்குதல் என்ற பொருளும் உண்டே, உறைவிடம் என்கிறோம். திகைப்பதோ மனிதர் செயல். இன்னொன்று: செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரி நிறுக்கும் எடைமேடைக் கணினியில், எழுந்ததும் மவுஸ் அம்பு தானாகத் துள்ளி ஓடும், எதையும் கிளிக் செய்ய முடியாது. அதை எந்தச் சொல்லில் சேர்ப்பது? கையேட்டில் ‘மோதல்’ என்றிருக்கிறது.

*

டீச்சர், வணக்கம்.

பால்மரம் (ரப்பர்) வெட்டிய ஊரில் ‘உறைவு’ யாரையும் குழப்பாது. பாலில் ஆசிட் ஊற்றினால் உறையும், உறைந்தது மறுபடி பாலாகாது. நமக்கு வேண்டிய பொருள் அதுவே. திகைப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது திகைப்பூண்டு. அதை மிதித்தவர் வழி தெரியாமல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார் என்பார்கள். செயலி ஒரே சுழலில் மாட்டிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தெரியவில்லை. திகைப்பு தெளியும், தெளிந்ததும் நடக்கலாம்.

எடைமேடைக் கணினி திகைக்கவும் இல்லை, உறையவும் இல்லை. அதற்குப் பிணக்கு என்ற சொல்லைக் கேட்கிறேன். மோதல் வேண்டாம், வலையமைப்பில் தரவுப் பொதிகள் மோதுவதற்கு அது வேண்டும். பிணக்கு என்பது இருவர் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு ஒத்துப்போகாமல் இருப்பது. இங்கே நடப்பதும் அதுதான். எடைக்கருவி சீரியல் கேபிள் வழியாக ஓயாமல் எண்களை அனுப்புகிறது. விண்டோஸ் எழும்போது அந்த எண்களைக் கண்டு, பழைய சீரியல் மவுஸ் பேசுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. எடை ஏறி இறங்க அம்பு துள்ளுகிறது. கேபிளைக் கழற்றினால் உடனே அடங்கும். பிறகு கேபிளை மாட்டி, அம்பு துள்ள ஆரம்பித்ததும் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்’ என்று தெரிவதை, அம்பைத் தேடாமல் விசைப்பலகையாலேயே போய், முடக்குங்கள். நீக்கக் கூடாது, நீக்கினால் அடுத்த முறை எழும்போது மறுபடி கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும்.

தம்பி, கையேட்டில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: பிணக்கு காரணம், திகைப்பும் உறைவும் அதனால் வரும் நிலைகள். ‘கணினி உறைந்தது’, ‘டிரைவர் கணினியை உறையவைத்தது’ என வினையாகவும் இயல்பாக வருகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஹேங் ஆவது’ என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த பக்கத்திலிருந்து தேவைப்படாது. கேப்ஸ் லாக் விளக்கே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. அவற்றுக்கு விளக்குள்ள யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வகுப்பில் முன்கூட்டியே செருகி வைத்திருங்கள். நின்ற பிறகு செருகினால் சோதனை செல்லாது.