46 டிபி நிரம்பிவிட்டது: புது நாஸ் வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா? (குன்னூர்)

குன்னூர்_ஐடி
வணக்கம். குன்னூரில் தலைமை அலுவலகம், கோத்தகிரி பக்கம் மூன்று தேயிலைத் தொழிற்சாலை. எல்லா டேட்டாவும் அலுவலகத்து நாஸில்தான் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி). 8 டிபி டிஸ்க் எட்டு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும் அமைப்பு). கிடைக்கும் 56 டிபியில் 46 போய்விட்டது. சிசிடிவி 26 (40 கேமரா, 30 நாள்), ஃபைல் ஷேர் 10, இஆர்பியின் (கணக்கு, சரக்கு எல்லாம் நடத்தும் மென்பொருள்) பழைய முழு பேக்கப்புகள் 7, நடப்பு இஆர்பியும் மெயிலும் 3. இணையம் 100 எம்பிபிஎஸ், ஒரே லைன். பேக்கப் என்று தனியாக இருப்பது வாரம் ஒரு யூஎஸ்பி டிஸ்க், அதுவும் அதே அலுவலக பீரோவில். இரட்டிப்பு கொள்ளளவில் புது நாஸா, மொத்தமும் கிளவுடா என்று நிர்வாகம் கேட்கிறது. மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போவதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊட்டி_ஸ்டோரேஜ்
இரண்டும் இப்போது வேண்டாம் சார். முதலில் சிசிடிவியை வெளியே எடுங்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி, 30 நாளுக்கு 648 ஜிபி, 40 கேமராவுக்கு 26 டிபி. உங்கள் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. இது நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், 30 நாளில் தானே அழியும். இதற்கு ரெய்டும் ஸ்னாப்ஷாட்டும் (அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) பேக்கப்பும் வீண் செலவு. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தனி என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி), அதில் இடைவிடாமல் எழுதுவதற்கான சர்வெய்லன்ஸ் டிஸ்க் போதும். ஒரு சம்பவப் பதிவு தேவைப்பட்டால் அந்தத் துண்டை மட்டும் ஃபைல் ஷேருக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்து அந்த 7 டிபி. கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது கம்பெனி சட்டம். அதற்காகத் தினசரி முழு பேக்கப் எல்லாவற்றையும் வைத்திருக்கத் தேவையில்லை. ஆண்டு முடிவுக்கு ஒன்று, நடப்பாண்டுக்கு மாதம் ஒன்று என்று வைத்தாலே பெரும்பகுதி குறையும். ஆடிட்டரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு அழியுங்கள்.

எனக்குக் கவலை கொள்ளளவு பற்றி இல்லை, ரெய்டு 5 பற்றி. ஒரு 8 டிபி டிஸ்க் போனால், நொடிக்கு 150 எம்பி வேகத்திலும் ரீபில்டுக்கு (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி கட்டுவதற்கு) 15 மணி நேரம் ஆகும். அலுவலகம் நடந்துகொண்டிருந்தால் இரண்டு, மூன்று நாள் இழுக்கும். அதுவரை மற்ற ஏழு டிஸ்க்கையும், அதாவது 56 டிபியையும், முழுசாகப் படித்தாக வேண்டும். சாதா டெஸ்க்டாப் டிஸ்க்குக்குக் கம்பெனிகள் தரும் பிழை வரம்பு 12.5 டிபி படித்தால் ஒரு செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) படிக்க முடியாமல் போகலாம் என்ற அளவில்தான் இருக்கும், என்டர்பிரைஸ் டிஸ்க்குக்கு 125 டிபி. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனாலும் கம்பெனியின் கணக்கை அந்த நம்பிக்கையில் விடக் கூடாது. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6க்கு மாறுங்கள். டிஸ்க் மாற்றும்போது டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) என்று இருக்கிறதா பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் டிஸ்க் ரீபில்டில் படுத்துவிடும், சில கன்ட்ரோலர் அதைப் பழுதென்றே வெளியே தள்ளிவிடும்.

மலைப்பாதை_நெட்வொர்க்
கிளவுட் பற்றி மட்டும் சொல்கிறேன். 100 எம்பிபிஎஸ்ஸில் 70 சதவீதம் கிடைத்தால் நாளுக்கு சுமார் 750 ஜிபி. 46 டிபி ஏற இரண்டு மாதம். 3 டிபி இஆர்பியை இறக்கவே நாலு நாள், அதுவும் லைன் அறுபடாமல் இருந்தால். ஆகவே இஆர்பியை மீட்கும் நகல் மலையிலேயே இருக்க வேண்டும், கிளவுட் இரண்டாவது நகல். எப்போதாவது மட்டும் எடுக்கும் டேட்டாவுக்கான மலிவான ஆர்க்கைவ் அடுக்கை எடுத்தால் விதிகளைப் படியுங்கள். அமேசானின் டீப் ஆர்க்கைவில் சாதாரண மீட்புக்கு 12 மணி, மொத்த முறையில் 48 மணி. 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி, ரீஜியனை (கிளவுட் சர்வர் இருக்கும் பகுதியை) அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது லைன் வாங்கும்போது கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், கேபிள் போகும் பாதையைக் கேளுங்கள். இரண்டும் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பர்லியாறு வழியாக இறங்கினால் ஒரே மண்சரிவில் இரண்டும் போய்விடும். ஒன்றாவது கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் போக வேண்டும்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு லேன் கேபிள் இருந்தால் கழற்றிவிடுங்கள். கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் சுவிட்ச் வழியாக நாஸ் போர்டு வரைக்கும் அடி வரும். உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் போடுங்கள். ரேக், யூபிஎஸ், நாஸ் எல்லாம் ஒரே எர்த்தில் இருக்கட்டும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை நாஸில் செருகி, பேட்டரி பாதிக்கு வந்ததும் தானே அணையும்படி அமையுங்கள்.

பேக்கப்_பாதுகாப்பு
பீரோ டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைக் கோவைக்கு அனுப்பி வைப்பது நல்லதுதான். ஆனால் 15 டிகிரியில் இருந்த டிஸ்க் மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் வெளியே வந்தால் மேலே பனி பூக்கும், கனெக்டரில் ஈரம் நிற்கும். இங்கேயே காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு மூடி, கீழே போனபின் ஒரு நாள் பையைத் திறக்காமல் வைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். இதற்கு எஸ்எஸ்டி (சிப்பில் பதியும் டிஸ்க்) வேண்டாம். என்டர்பிரைஸ் எஸ்எஸ்டிக்கு ஜேடெக் (சிப் துறையின் தரநிலை அமைப்பு) தரநிலை கேட்பதே, ஆயுள் முடியும் தறுவாயில், மின்சாரம் இல்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் தாங்கினால் போதும் என்பதுதான்.

ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பற்றியும் சொல்ல வேண்டும். பேக்கப் பெட்டியை ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பு) சேர்க்காதீர்கள், கடவுச்சொல்லும் தனி. சர்வர் அனுப்புவதாக வைக்காமல், பேக்கப் பெட்டியே வந்து எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள், அப்போது சர்வரில் புகுந்தவருக்குப் பேக்கப்பைத் தொடும் வழி இருக்காது. கிளவுட் நகலில் ஆப்ஜெக்ட் லாக்கை (குறித்த நாள்வரை ஃபைலை அழிக்கவிடாத பூட்டு) கம்ப்ளையன்ஸ் என்ற கடுமையான முறையில் 30 நாளுக்குப் போட்டால் அட்மினாலும் அழிக்க முடியாது. முதலில் ஒரு சின்ன பக்கெட்டில் (கிளவுடில் ஃபைல் வைக்கும் தொகுப்பு) சோதியுங்கள், தப்பான நாள் எண்ணிக்கை போட்டால் அந்த நாள் முடியும்வரை வாடகை கட்டியே ஆக வேண்டும்.

குன்னூர்_ஐடி
மிக்க நன்றி. ரெய்டு 5லிருந்து 6க்கு, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாமா?

ஊட்டி_ஸ்டோரேஜ்
உங்கள் பெட்டியில் வேண்டாம். எட்டு இடமும் நிரம்பியிருக்கிறது, ரெய்டு 6ல் 48 டிபிதான் வரும், வால்யூமை (டேட்டா இருக்கும் பகுதியை) சுருக்கப் பல நாஸ்கள் விடுவதில்லை. சிசிடிவி போனபின் மிஞ்சும் 20 டிபியை, பின்னால் பேக்கப்புக்கு நிற்கப்போகிற இரண்டாவது பெட்டிக்கு அனுமதி விவரங்களோடு நகலெடுங்கள். 1 ஜிபிபிஎஸ் லேனில் சுமார் 50 மணி நேரம், வெள்ளி மாலை தொடங்கினால் ஞாயிறு இரவு முடியும். செக்சம் (நகல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒப்பிட்ட பிறகு பழையதை அழித்து ரெய்டு 6 கட்டுங்கள். அழித்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது ஒரே நகல், ஆகவே இஆர்பியையும் மெயிலையும் அதற்கு முன்னாலேயே யூஎஸ்பி டிஸ்க்கிலும் எடுத்து, ஒரு சோதனை சர்வரில் திறந்து பார்த்துவிடுங்கள்.