கோரஸாகச் சொல்கிறார்கள், தனியாகக் கேட்டால் வாய் திறப்பதில்லை

மூன்றாம் வகுப்பு டீச்சர், புதுக்கோட்டை மாவட்டம்:

எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் 23 பிள்ளைகள். யார் வீட்டிலும் ஆங்கிலம் காதில் விழாது. ஸ்மார்ட் போர்டில் பாட்டுப் போட்டால் சுவர் அதிரப் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் பென்சிலைக் காட்டி ஒருத்தியிடம் “வாட் இஸ் திஸ்?” என்றால், “வாட் இஸ் திஸ்” என்று அதையே திருப்பிச் சொல்கிறாள். போர்டைத் தவிர என்னிடம் ஒரு டேப்லெட்டும் என் கைபேசியும்தான் உண்டு. மதியத்துக்கு மேல் நெட் வராது. செயலி பெயர்கள் நிறையக் கேட்டாயிற்று. பிள்ளைகளைப் பேச வைத்தவர்கள், வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

ஆங்கில ஆசிரியர், நடுநிலைப் பள்ளி, 19 வருடம்:

டீச்சர், கைபேசியில் இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும். நெட் வேண்டாம். நான் நான்கு வருடமாக அதைத்தான் வைத்து ஓட்டுகிறேன்.

பிள்ளைகள் நிறைய ஆங்கிலம் கேட்டுவிட்டார்கள், தங்கள் குரலைத்தான் கேட்டதில்லை. நம் எழுத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கரடிக்கும் ‘பேர்’, பேரிக்காய்க்கும் ‘பேர்’. இங்கே தமிழில் எழுதினால் உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். திருத்தினால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் ‘தம்பி’ என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். “அதில் வருகிற பி-யைப் பிடித்துக்கொள், முன்னால் இருக்கிற ‘தம்’மை விட்டுவிடு.” நான்காவது தடவை கரடியின் ‘பேர்’ சுத்தமாக வந்தது. மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்தோம். பேரிக்காய்க்குக் காகிதம் ஆடும், கரடிக்கு அவ்வளவாக ஆடாது. அப்புறம் பதிவு செய்து காதில் வைத்தேன். கேட்டுவிட்டு, “சார், அழிச்சிடுங்க, இன்னொரு தடவை சொல்றேன்” என்றாள். அன்றைக்கு ஏழு தடவை பதிவு செய்தாள். வகுப்பு முன்னால் என்றால் இரண்டாவது தடவையிலேயே அழுதிருப்பாள்.

ஒன்று கட்டாயம்: பிள்ளைகளின் குரலை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். கேட்டதும் அழித்துவிடுங்கள்.

ஸ்மார்ட் கிளாஸ் பொறுப்பாசிரியர், ஈரோடு:

சார் சொன்னது சரி. ஆனால் போர்டை ஒதுக்கிவிட வேண்டாம் டீச்சர். காலையில் நெட் இருக்கும்போதே வீடியோவை இறக்கி வையுங்கள். பாடநூலில் கியூஆர் கோடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பாடத்தை ஒட்டியே இருக்கும். ஆங்கில வீடியோவுக்கு ஆங்கில எழுத்தே கீழே ஓடட்டும், தமிழ் வேண்டாம். தமிழ் ஓடினால் கண் அங்கேயே போய்விடும். பாட்டின் மொழியிலேயே வரிகளைத் திரையில் ஓடவிட்டால் வாசிப்பு வளரும் என்ற யோசனையை அகமதாபாத் ஐஐஎம்மில் ப்ரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார், தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சிகளில் அது நடைமுறைக்கும் வந்தது. வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டு, பதிலைப் பிள்ளைகள் சொன்ன பிறகு ஓட விடுங்கள்.

ஒரு அம்மா, டொராண்டோ:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் நாலு மாதம் ஒரு சொல் பேசவில்லை. நான் பயந்துபோனேன். அவளுடைய டீச்சர் பயப்படவில்லை. டேப்லெட்டைக் கொடுத்து வீட்டில் ஐந்து படம் எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் தமிழிலேயே பேசிப் பதியச் சொன்னார், பிறகு தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல். புட்டுக் குழலைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அது என்ன என்று வகுப்பே கேட்டது. பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், பேசியே ஆக வேண்டியிருந்தது. சொல்ல ஏதாவது இருந்தால் பிள்ளை சொல்லும், தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி டேப்லெட்டைக் கொடுத்து, பள்ளிக்குள்ளேயே பிடித்ததைப் படம் எடுக்கச் சொன்னேன். பென்சில் பிள்ளை, சத்துணவுக் கூடத்துப் பின்னால் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியை எடுத்து வந்தாள். வேப்பமரத்தடியில் அவளும் நானும் மட்டும் உட்கார்ந்து பதிவு செய்தோம். முதலில் தமிழில் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அப்புறம் “திஸ் இஸ் கோட். மை கோட். நேம் மணி.” மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டு, “டீச்சர், மணிக்கும் போட்டுக் காட்டலாமா?” என்றாள். போய்க் காட்டினோம்.

சார், ஒரு சந்தேகம்: நான் ஒருத்தியோடு மரத்தடியில் இருக்கும்போது மற்ற 22 பேருக்கு நீங்கள் என்ன வேலை கொடுப்பீர்கள்?